ஆய்வுக் கூடங்களை எழுப்பிய அறிஞர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்

காலையில் எழுந்து நம் இல்லத்துப் பெண்மணிகள் உப்புச் சாடியைத் திறக்கின்றனர். குழந்தைக்குப் பால்மாவு கரைக்கின்றனர். ஆடவர் தோற்செருப்பு அணிந்து அலுவலகம் புறப்படுகின்றனர். பிள்ளைகள் மின்கலம் இட்ட விளையாட்டுக் கருவியைக் கையில் ஏந்தித் திரிகின்றனர். இவை யாவும் கடைத்தெருவில் காசு கொடுத்தால் கிடைக்கும் பண்டங்களே என்று நாம் எண்ணியிருக்கின்றோம். ஆனால், இவை ஒவ்வொன்றையும் குறித்து எங்கோ ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், கண்ணாடிக் குடுவைகளின் முன்னே நாட்கணக்கில் நின்று பாடுபட்டோர் உளர் என்பதை நினைப்பவர் சிலரே. அவ்வாறு பாடுபடுவதற்கான கூடங்களை நாடெங்கும் எழுப்பித் தந்த ஒருவரை நினைப்பவர் அவரினும் சிலர்.

அவர்தாம் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நாம் வாழும் இத்தலைநகரில் அவர் பெயரை ஆண்டுதோறும் விருது அறிவிப்பின்போது செய்தித்தாளில் காண்கின்றோம். அப்பெயருக்கு உரியவர் எத்தகையவர், எவ்வாறு வாழ்ந்தார், எதற்காகப் புகழப்பட்டார், எதற்காகக் குறை கூறப்பட்டார் என்பதை நம் காலனிக் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பால் இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை எழுதப் புகுகின்றோம். அவர் நம் மொழியினர் அல்லர். ஆயினும் நம்மைப் போலவே பிறந்த ஊரில் வாழும் பேறு பெறாதவர். நம் தமிழகத்தோடு அவருக்கிருந்த தொடர்பும் சிறிதன்று.

தந்தையை இழந்த குழந்தை

பட்நாகர் 1894-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் பஞ்சாபில், ஜீலம் ஆற்றங்கரையை அடுத்த பேரா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. தந்தையார் பரமேசுவரி சகாய் பள்ளி ஆசிரியர். மகனுக்கு எட்டுத் திங்கள் நிரம்பும்போதே அவர் காலமானார். ஆசிரியர் ஒருவர் விட்டுச் செல்லும் செல்வம் எவ்வளவு இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையும் தாயும் ஐக்கிய மாகாணத்துச் சிக்கந்தராபாத்தில் இருந்த பாட்டனார் இல்லத்தை அடைந்தனர்.

தாயின் தந்தையாராகிய அப்பெரியவர் ஒரு பொறியியலாளர். அவர் வீட்டில் கருவிகள் இருந்தன. அவற்றைத் தொடவும் கழற்றவும் பேரனுக்குத் தடை இருந்திலது. மின்கலம் கட்டுவதும், நூலில் இணைத்த தொலைபேசி செய்வதும், பொம்மைகளைப் பிரித்துப் பூட்டுவதும் சிறுவனுக்கு விளையாட்டாயின. தந்தையில்லாப் பிள்ளைக்குப் பாட்டன் கொடுக்கத்தக்க செல்வம் இதனினும் பெரிது வேறு யாது? பிற்காலத்தில் நாட்டுக்கே ஆராய்ச்சிக் கூடங்களைச் சமைத்தவருக்கு முதல் ஆராய்ச்சிக் கூடம் பாட்டனார் வீட்டுத் தாழ்வாரமே.

பின்னர்த் தந்தையாரின் நண்பர் ஒருவர் பிள்ளையின் படிப்பில் அக்கறை கொண்டு இலாகூருக்கு அழைத்துக்கொண்டார். அந்நண்பரின் மகள் லாஜவந்தியே பின்னாளில், 1915-இல், பட்நாகருக்கு வாழ்க்கைத் துணைவியானார். பதினேழு வயதை எட்டிய 1911-ஆம் ஆண்டில் பட்நாகர் அலகாபாத்திலிருந்து வெளிவந்த ஒரு செய்தித்தாளுக்கு எழுதிய கடிதம் அச்சேறியது. சர்க்கரை ஆலையில் கழிவாக எஞ்சும் பாகையும் கரிப்பொருளையும் சேர்த்து அழுத்திச் சூடேற்றினால், மின்கலத்துக்கு வேண்டிய கரித்தண்டு செய்யலாம் என்பது அதன் பொருள். ஆலைக்காரன் கொட்டிவிடும் கழிவிலிருந்து பயன்படு பொருள் ஒன்றைச் செய்தல் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் அப்போதே வேரூன்றியது. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த தொண்டின் சாரம் அச்சிறு கடிதத்திலேயே அடங்கியிருக்கின்றது எனலாம்.

அதே ஆண்டு தயாள்சிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நாடக மேடையிலும் ஈடுபாடு கொண்டார். உருது மொழியில் அவர் இயற்றிய ஓரங்க நாடகத்தின் ஆங்கில ஆக்கம், கல்லூரி நாடகக் கழகத்தின் 1912-ஆம் ஆண்டுப் பரிசைப் பெற்றது. கவிதையும் இரசாயனமும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே குடியிருத்தல் அரிது. அவரிடத்தில் அவை இறுதிவரை பிணங்காமல் வாழ்ந்தன. பாரமன் கிறித்தவக் கல்லூரியில் 1916-இல் இளநிலைப் பட்டமும் 1919-இல் இரசாயனத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

கப்பலில் இடமில்லாமையால் வந்த பேறு

தயாள்சிங் அறக்கட்டளை அவருக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை வழங்கியது. அமெரிக்கா செல்லும் நோக்கத்துடன் அவர் இங்கிலாந்தை அடைந்தார். முதல் உலகப் போர் முடிந்த காலம் அது. அமெரிக்கப் படைவீரர் தாயகம் திரும்பக் கப்பல்கள் யாவும் ஒதுக்கப்பட்டிருந்தன. மாணவர் ஒருவருக்கு அவற்றில் இடம் கிடைக்கவில்லை. அறக்கட்டளையின் இசைவோடு இலண்டனிலேயே தங்கி, பல்கலைக் கழகக் கல்லூரியில் பேராசிரியர் டானன் என்பாரிடம் மாணவரானார். டானன் கூழ்மப் பொருள்களின் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர். எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்களைப் பற்றி ஆராய்ந்து பட்நாகர் 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கே அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது, பிரிட்டனில் விஞ்ஞானத்தையும் தொழிலையும் இணைக்க அரசாங்கம் நிறுவியிருந்த ஆராய்ச்சித் துறையாகும். போர்க்காலத்தில் பிறந்த அத்துறையின் செயல்முறையை அவர் கண்ணாரக் கண்டார். இருபது ஆண்டுகள் கழித்து இந்நாட்டில் அவர் செய்த பெரும்பணிக்கு அதுவே வித்தாக அமைந்தது என்று கருதுதல் பொருந்தும். அமெரிக்கக் கப்பலில் இடம் கிடைத்திருப்பின் இவ்வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கும்.

அவ்வாண்டே நாடு திரும்பிக் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் இரசாயனப் பேராசிரியரானார். மூன்றாண்டுகளே அங்கிருந்தார். ஆயினும் அப்பல்கலைக் கழகத்தின் வாழ்த்துப் பாடல் இன்றளவும் அவர் இயற்றியதாகவே விளங்குகின்றது. இரசாயனப் பேராசிரியர் எழுதிய பாட்டை ஒரு பல்கலைக் கழகம் முழுவதும் பாடுதல் புதுமையன்றோ!

சேறு தந்த செல்வம்

1924-இல் இலாகூரில் பஞ்சாப் பல்கலைக் கழகத்தின் பௌதிக இரசாயனப் பேராசிரியராகவும் ஆராய்ச்சிக் கூடங்களின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். அடுத்த பதினாறு ஆண்டுகளே அவர் தம் கையால் ஆராய்ச்சி செய்த பொற்காலம். பொருள்கள் காந்தத்தினால் எவ்வளவு ஈர்க்கப்படுகின்றன, எவ்வளவு விலக்கப்படுகின்றன என்பதைக் கொண்டு அவற்றின் இரசாயன அமைப்பை அறியும் துறையில் அவர் தலைசிறந்து விளங்கினார். மாத்தூர் என்னும் துணைவருடன் 1928-இல் அவர் அமைத்த நுண்ணிய காந்தத் தராசை இலண்டன் நிறுவனம் ஒன்று செய்து விற்றது. 1935-இல் அத்துறை பற்றிய நூலும் வெளியிட்டார்.

இவ்வாறு நுண்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவரிடம் தொழில் துறையினரும் தங்கள் சிக்கல்களைக் கொண்டுவந்தனர். முதலில் வந்தவர் பஞ்சாபின் பெருவள்ளலும் பொறியியலாளருமாகிய சர் கங்காராம். ஆலையில் சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையை மாட்டுத் தீவனக் கட்டியாக்க இயலுமா என்பது அவர் கேள்வி. பட்நாகர் அதற்கு வழி கண்டார். சக்கையை எரிப்பதன்றி வேறு பயன் அறியாதிருந்த காலத்தில் இது சிறு செயலன்று.

அதனினும் புகழ்பெற்றது அட்டாக் எண்ணெய்க் கம்பெனியின் சேற்றுச் சிக்கல். அதனைச் சற்று விளக்கமாகவே கூறுவோம். நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுக்குங்கால், துளைக்கும் குழாயின் வழியே களிமண் குழம்பை இடைவிடாது உள்ளே செலுத்துவர். அக்குழம்பு துளைக்கருவியின் சூட்டைத் தணிக்கும். உடைந்த கற்பொடியை மேலே சுமந்து வரும். துளையின் சுவர் இடிந்து விழாமல் தாங்கும். அடியிலிருந்து வாயு சீறி எழாதபடி தன் கனத்தால் அழுத்தும். குழம்பு இளக்கமாக இருக்கும் வரையில் வேலை நடக்கும். இறுகிவிட்டால் எல்லாம் நிற்கும். இராவல்பிண்டிப் பகுதியில் அதுவே நேர்ந்தது. நிலத்தடியில் உப்புநீரைச் சந்தித்தவுடன் சேறு கட்டியாகி இறுகிப்போயிற்று. பொறியியலாளர் இயந்திரத்தைக் குறை கூறினர். ஆயினும் குறை இயந்திரத்தில் இல்லை.

இது கூழ்ம இரசாயனச் சிக்கல் என்பதைப் பட்நாகர் கண்டார். களிமண்ணின் நுண்துகள்கள் ஒவ்வொன்றும் ஒரேவகை மின்னேற்றம் உடையவை. ஆதலின் அவை ஒன்றையொன்று விலக்கி நீரில் மிதந்து நிற்கின்றன. உப்பு அம்மின்னேற்றத்தைப் போக்கிவிடுகின்றது. உடனே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. பாலில் புளிப்புப் பட்டால் திரிவதை நம் தாய்மார் நாள்தோறும் அறிவர். ஏறத்தாழ அத்தகையதே இதுவும். இதற்கு மருந்து யாது? நம் நாட்டு மரத்தில் கசியும் பிசினே மருந்து. சேற்றில் பிசினைக் கலந்தால் அது துகள்களைப் போர்த்திக் காக்கின்றது. உப்பு அவற்றை அணுக இயலாது. சேறு இளகியும் நின்றது, உப்பையும் தாங்கிற்று. விளக்குக்கரியில் மை கூட்டிய நம் முன்னோர், கரி அடியில் தங்காதிருக்கப் பிசின் சேர்த்ததும் இதே நியாயம் பற்றியே. ஏட்டுக்கு மையிட்டவர் கைமுறையாக அறிந்ததை இலண்டனிற் கற்ற பேராசிரியர் எண்ணெய்க் கிணற்றுக்குப் பயன்படுத்தினார்.

வேண்டாமென்று வைத்த பணம்

அக்கம்பெனியோடு தொடர்புடைய ஸ்டீல் சகோதரர் நிறுவனம் பெரிதும் மகிழ்ந்து, பெட்ரோலிய ஆராய்ச்சிக்கென ரூ. 1,50,000 தர முன்வந்தது. அந்நாளில் அது எத்தகைய தொகை என்பதை, மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியோரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் உணரலாம். அவர் அத்தொகையைத் தமக்கென ஏற்கவில்லை. பல்கலைக் கழகத்தின் வாயிலாகவே பெறச் செய்து, அதனைக் கொண்டு பெட்ரோலிய ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றை நிறுவினார். மெழுகின் தீநாற்றம் நீக்குதல், மண்ணெண்ணெய்ச் சுடரின் உயரத்தைப் பெருக்குதல், எண்ணெய்த் தொழிலின் கழிவுகளைப் பயன்படுத்துதல் ஆகிய ஆராய்ச்சிகள் அங்கே நடந்தன. மின்சாரம் எட்டாத நாட்டில் அரிக்கேன் விளக்கின் சுடர் ஒரு விரற்கடை உயர்ந்தாலும் அதன் அடியில் படிக்கும் பிள்ளைக்கு நன்மையன்றோ! ஐந்தாண்டுக்கென அளித்த உதவியைப் பின்னர்ப் பத்தாண்டுக்கு நீட்டித்தது அந்நிறுவனம்.

தந்தையின் வறுமையில் பிறந்து, உதவித்தொகையாற் படித்து, மனைவி மக்களோடு வாழ்ந்த ஒருவர், வாயிலில் வந்த பணத்தைத் தம் மாணவர்க்குத் திருப்பிவிட்டார் என்பதை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. பேரறிஞர் மேகநாத சாகா 1934-இல் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பல்கலைக் கழக ஆசிரியர்களின் மதிப்பைப் பொதுமக்கள் பார்வையில் உயர்த்திவிட்டார் என்பது அதன் கருத்து. அதே சாகா பின்னாளில் அவரைக் கடுமையாகக் குறை கூறியதையும் மேலே சொல்லுவோம்.

போரும் புதிய பொறுப்பும்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. கடல்வழியே வந்துகொண்டிருந்த மருந்தும் சாயமும் கருவியும் தடைப்பட்டன. இந்நாட்டிலேயே அவற்றைச் செய்யும் வழிகாண வேண்டிய நெருக்கடி நேர்ந்தது. அப்போது வைசிராயின் நிர்வாக சபையில் வர்த்தகப் பொறுப்பில் இருந்தவர் நம் ஆர்க்காடு இராமசாமி முதலியார். அவர் முயற்சியால் 1940 ஏப்ரல் 1-இல் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி வாரியம் தோன்றியது. முதலியார் தலைவர், பட்நாகர் இயக்குநர். ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் ஒதுக்கப்பட்டது. பட்நாகர் இலாகூரை விட்டுக் கல்கத்தாவின் அலிப்பூருக்குப் பெயர்ந்தார்.

பஞ்சாபிய இரசாயனப் பேராசிரியரும் தமிழ் அரசியல் நாவலரும் இணைந்த இக்கூட்டே நாட்டின் விஞ்ஞான அமைப்புக்கு அடித்தளமிட்டது. 1941 நவம்பரில் மத்திய சட்டசபையில் முதலியார் வாதாடி, ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் ரூ. 10 இலட்சம் கொண்ட தொழில் ஆராய்ச்சி நிதிக்கு இசைவு பெற்றார். 1942 செப்டம்பர் 26-இல் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழு தன்னாட்சி அமைப்பாக உருவெடுத்தது. 1941-இல் சர் பட்டமும், 1943-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினர் தகுதியும் பட்நாகரை வந்தடைந்தன.

1943-இலேயே, நாடு அடிமைப்பட்டிருந்தபோதே, ஐந்து தேசிய ஆராய்ச்சிக் கூடங்களை அமைக்கும் அவர் திட்டம் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரசாங்கம் ரூ. 1 கோடி ஒதுக்கியது. டாட்டா நிறுவனத்தார் ரூ. 20 இலட்சம் வழங்கினர்.

இதற்கிடையே 1946-இல் லாஜவந்தி அம்மையார் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தவர். பட்நாகர் தம் உருதுக் கவிதைகளைத் தொகுத்து, துணைவியின் பெயரையே அத்தொகுதிக்குச் சூட்டி வெளியிட்டார். மறு ஆண்டு நாடு பிளவுண்டது. பிறந்த பேராவும் வளர்ந்து வாழ்ந்த இலாகூரும் எல்லைக்கு அப்பால் ஆயின. மனையாள் போயினாள், ஊரும் போயிற்று. எஞ்சியது பணி ஒன்றே. அதில் அவர் தம்மை முற்றும் மறந்தார்.

ஓர் ஆண்டில் ஆறு கூடங்கள்

விடுதலைக்குப் பின் பிரதமர் நேருவின் முழு ஆதரவும் அவருக்குக் கிட்டியது. 1950-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு ஜனவரி 3-இல் புனாவில் தேசிய இரசாயனக் கூடமும், 21-இல் தில்லியில் தேசியப் பௌதிகக் கூடமும் திறக்கப்பட்டன. ஏப்ரலில் தன்பாத் அருகே எரிபொருள் ஆராய்ச்சி நிலையமும், ஆகஸ்டில் கல்கத்தாவில் கண்ணாடி பீங்கான் ஆராய்ச்சி நிலையமும், அக்டோபரில் மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், நவம்பரில் ஜாம்ஷெட்பூரில் உலோக ஆராய்ச்சிக் கூடமும் கதவு திறந்தன. பன்னிரண்டு திங்களில் ஆறு கூடங்கள்! அவர் வாழ்நாளுக்குள் அமைந்தவை பன்னிரண்டு என்பர்.

தில்லிக் கூடத்தின் முதல் இயக்குநராக அவர் தேர்ந்தெடுத்தவர், திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். மைசூர்க் கூடத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய அக்கூடம், நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் சேர்த்துப் புரதச் சத்து மிக்க உணவை உருவாக்கிற்று. பட்நாகரின் மறைவுக்குப் பின், எருமைப் பாலிலிருந்து குழந்தைகளுக்கேற்ற பால்மாவு செய்யும் முறையையும் கண்டது. எருமைப் பாலின் கொழுப்பு குழந்தைக்குச் செரியாது என்று உலகோர் ஒதுக்கியிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது. அமுல் என்னும் பெயர் தாங்கிய பால்மாவு டப்பா நம் இல்லங்களுக்கு வந்த வரலாறு இதுவே.

தமிழகத்துக்கு வந்த கூடங்கள் இரண்டு. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. காரைக்குடி மின்வேதியியல் நிலையத்தின் கதை உள்ளம் நெகிழ்விப்பது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் ரூ. 15 இலட்சமும் ஈந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கழிவுப் பாகிலிருந்து மின்கலக் கரித்தண்டு செய்யலாம் என்று பதினேழு வயதில் எழுதிய இளைஞனின் கனவு, நாற்பதாண்டுக்குப் பின் செட்டிநாட்டுச் செம்மண்ணில் கட்டடமாய் எழுந்து நின்றது.

உப்பும் மணலும்

நிலத்தின் செல்வமும் அவர் கருத்தை விட்டு நீங்கவில்லை. நாட்டுப் பிரிவினையால் கேவ்ரா உப்புச் சுரங்கம் பாகிஸ்தானுக்குச் சென்றது. அவர் பிறந்த ஊருக்கு ஆற்றின் மறுகரையில் உள்ளதே அவ்வுப்பு மலை. வடநாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மலையுப்பை இழந்த நாடு கடலுப்பை நாட வேண்டியதாயிற்று. 1954 ஏப்ரலில் பவநகரில் உப்பு, கடற்பொருள் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது.

தென்கோடியில் மணவாளக்குறிச்சி முதலிய கடற்கரைகளின் மணலில் மோனசைட் என்னும் தாது உண்டு. அதில் தோரியம் உண்டு. காலங்காலமாக அம்மணல் வாயு விளக்கின் வலைக்கெனப் பிறநாடுகளுக்கு மணலாகவே ஏற்றுமதியாயிற்று. 1948-இல் அமைந்த அணுசக்திக் கமிஷனில் பாபா தலைவராகவும், கிருஷ்ணனும் பட்நாகரும் உறுப்பினராகவும் இருந்தனர். அம்மணலை இந்நாட்டிலேயே பிரித்தெடுக்க 1950-இல் அருமண் நிறுவனமும், பின் ஆலுவாயில் தொழிற்சாலையும் தோன்றின. அம்முயற்சியில் பட்நாகருக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்காக வெளிநாட்டுக் கம்பெனிகளோடு நடந்த பேச்சிலும் அவர் ஈடுபட்டார். சேற்றில் பிசினைக் கலந்த கை, அப்போது உடன்படிக்கை வரைந்தது.

குறை கூறியோர்

இத்துணைப் பெருமைகளையும் கூறிவிட்டு, மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. சர் சி. வி. இராமன் இக்கூடப் பெருக்கத்தை வெளிப்படையாக எள்ளினார். நேருவின் பெயரையும் பட்நாகரின் பெயரையும் இணைத்து, தம் பெயரால் வழங்கும் விளைவைப் போல இதுவும் ஒரு விளைவு என்று பகடி செய்தார். மேகநாத சாகாவின் குறை வேறு வகையினது. பல்கலைக் கழகங்களில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்துவந்த ஆராய்ச்சியைத் தனிக் கூடங்களுக்கு மாற்றினால் பல்கலைக் கழகங்கள் வறுமையுறும் என்று அவர் அஞ்சினார்.

நாம் விஞ்ஞானிகள் அல்லோம். இப்பெரியோர்க்கிடையே தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் என்னும் முறையில் ஒன்று சொல்லலாம். அக்குறையில் உண்மை இருந்தது. கல்லூரிகள் பலவற்றில் ஆராய்ச்சி மங்கியதையும், கூடங்களின் கண்டுபிடிப்புகள் பல தொழிற்சாலை வாயிலை எட்டாமல் தாளிலேயே நின்றுவிட்டதையும் பின்வந்த காலம் காட்டிற்று. அதே சமயம், அன்று கையில் ஒரு நல்ல தராசும் இல்லாத ஏழைக் கல்லூரிகள் மட்டுமே இருந்த நாட்டில், நிலக்கரியையும் உப்பையும் தோலையும் உணவையும் யார் ஆராய்ந்திருப்பர்? பசியோடும் தட்டுப்பாட்டோடும் பிறந்த நாடு காத்திருக்க இயலுமா? இக்கேள்விக்கும் விடை வேண்டும்.

பட்நாகரும் இக்குறையைச் செவிமடுத்தார் என்றே தோன்றுகின்றது. கூடத்தின் கண்டுபிடிப்பைத் தொழிலாளரிடம் சேர்க்க 1953-இல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் அமைந்ததில் அவர் பங்கு கொண்டார். அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய பல்கலைக் கழக மானியக் குழுவின் முதல் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். பல்கலைக் கழகங்களை வறுமைப்படுத்தினார் என்று குறை கூறப்பட்டவர், அவற்றுக்கு நிதி வழங்கும் குழுவின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தது காலத்தின் விந்தை. ஆனால் அப்பணியை நிறைவேற்றக் காலம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை.

மறைவு

1954-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1955-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நாடு புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தபோது, மாரடைப்பால் உயிர் நீத்தார். அறுபத்தோராம் வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தன. ஓய்வென்பதை அவர் அறிந்திலர்.

அவர் பெயரால் 1957-இல் நிறுவப்பட்ட பரிசை 1958-இல் முதன்முதலாகப் பெற்றவர் நம் கே. எஸ். கிருஷ்ணன். 2024 முதல் தேசிய விஞ்ஞான விருதுகளுள் இளைஞர்க்குரிய விருது அவர் பெயரைத் தாங்கி வருகின்றது. அவர் விதைத்த கூடங்கள் இன்று முப்பதுக்கும் மேற்பட்டவையாய்ப் பெருகியுள்ளன. பூமியின் உட்புறத்தை ஆராயும் ஐதராபாத் நிலையம் அவர் மறைவுக்குப் பின் 1961-இல் எழுந்தது.

அன்பர்களே! ஊர் விட்டு ஊர் வந்து, வேற்று மொழியினரிடையே வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைப்பதையே வாழ்வின் பயனாகக் கொண்டவர் நாம். படிப்பு என்றவுடன் அதனால் வரும் சம்பளத்தையே முதலில் எண்ணுகின்றோம். குடும்பப் பாரம் சுமப்போர்க்கு அது இயல்பே. ஆயினும், கழிவுப் பாகையும் கரும்புச் சக்கையையும் கிணற்றுச் சேற்றையும் அருவருக்காது கையில் எடுத்து, இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்ட ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். தமக்கென வந்த தொகையை மாணவர்க்கு ஈந்தார். நம் பிள்ளைகளுள் ஒருவரேனும், இம்மலரைப் படித்தபின், சமையலறை உப்புச் சாடியை எடுத்து அது எங்கிருந்து எவ்வாறு வந்தது என்று கேட்டால், அக்கேள்வியை அலட்சியம் செய்யாதிருப்போமாக. பாட்டனார் ஒருவர் பேரனைத் தடுக்காதிருந்ததன்றோ இவ்வரலாற்றுக்கெல்லாம் தொடக்கம்!

வாழ்க அவர் புகழ்! வளர்க விஞ்ஞானம்!